வாயால் கொடுத்த கடை

பாய் எதைக் கொடுத்தாலும் நாலு கடைக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகத்தான் கொடுப்பார். "இது ஒனக்குத்தான், எடுத்துக்க" என்பார். பொருள் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

எனக்கு ஒரு நாற்காலி கொடுத்தார். செக்காலை ரோட்டில் நான் ஜெராக்ஸ் கடை போட்ட புதிது. ஸ்டூலில் உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கடை பாயுடையது. கல்யாணம், காதுகுத்து, சாவு என்று எல்லாவற்றுக்கும் அண்டா, பிரியாணி வேகிற தேக்சா, நாற்காலி வாடகைக்கு விடுகிற கடை. என்னைப் பார்த்துவிட்டு, மெத்தை வைத்த நாற்காலி ஒன்றைத் தானே தூக்கி வந்து போட்டார். "ஆச்சி, இனிமே இது ஒங்க சேரு. யாரும் தொடமாட்டாக" என்றார். என்னைவிட இருபது வயதுக்கு மேல் மூத்தவர் என்னை ஆச்சி என்றது நான் செட்டியார் வீட்டுப் பெண் என்பதால். எங்கள் ஊரில் அது மரியாதை, வயதுக் கணக்கு இல்லை.

அடுத்த முகூர்த்த நாளில் வந்து பார்த்தால் நாற்காலியைக் காணோம். கோட்டையூரில் ஒரு கல்யாணத்துக்கு, மாப்பிள்ளை உட்காருவதற்காகப் போயிருந்தது. மறுநாள் கைப்பிடியில் சந்தனக் கறையோடு திரும்பி வந்தது.

"என்ன பாய், என் சேரை வாடகைக்கு விட்டுட்டீக?"

"ஒங்க சேருதான் ஆச்சி, யாரு இல்லேன்னா? ஒரு நல்ல காரியத்துக்குப் போயிட்டு வந்துச்சு. ஒங்களுக்குத்தான் புண்ணியம்."

முகத்தில் துளி வெட்கம் கிடையாது. பொய் சொல்கிறோம் என்ற நினைப்பும் கிடையாது. அந்த நாற்காலி என்னுடையது என்று அவர் மனசார நம்பினார். முகூர்த்த நாட்களில் நான் பேசாமல் ஸ்டூலுக்குப் போய்விடுவேன். அப்போது அவரைப் பற்றி எல்லாமே எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

கருமி என்று அவரை யாரும் சொல்லிவிட முடியாது. சாவு வீட்டுக்குப் போன நாற்காலிக்கு வாடகை கேட்டதே இல்லை. எந்தச் சாதி, எந்த மதம் என்றும் பார்த்ததில்லை. ஏழை வீட்டுக் கல்யாணம் என்றால் வாடகையில் பாதியைத் தள்ளிவிட்டு, தேக்சாவோடு ஒரு மூட்டை விறகும் ஏற்றிவிடுவார். கை தாராளம்தான். ஆனால் ஒன்றை மட்டும் அந்தக் கை விட்டதே இல்லை. அது கடைச் சாவி.

லுங்கிக்கு மேல் பட்டையாகப் பச்சை பெல்ட் கட்டியிருப்பார். அதில் இடதுபக்கப் பையில் சாவி. காலையில் அவர்தான் வருவார், பிஸ்மி சொல்வார், பூட்டைத் திறப்பார், ஷட்டரைத் தூக்குவார். வேறு யாரும் தொடக்கூடாது. ஒருமுறை விஷக்காய்ச்சல். நிற்க முடியவில்லை. ஆட்டோவில் வந்து, டிரைவர் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கி, ஷட்டரைத் தூக்கிவிட்டு, அதே ஆட்டோவில் திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டார். அதுவரைக்கும் அவர் மகள் ஜரினா, கடைக்குப் போன் செய்தவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டு ரோட்டிலேயே நின்றாள்.

மகள் என்றேன். அவரும் அப்படித்தான் சொல்வார். முதல் சம்சாரம் இரண்டு ஆண்பிள்ளைகளை விட்டுவிட்டு இறந்துபோனது. ரொம்ப நாள் கழித்து இளையான்குடிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மாவைக் கட்டினார். அந்த அம்மாவை முதல் புருஷன் தலாக் சொல்லி விட்டிருந்தான். கையில் நாலு வயதில் ஒரு பெண். அதுதான் ஜரினா. "எத்தன பிள்ளைக பாய்?" என்று யாராவது கேட்டால் "மூணு" என்று சட்டென்று வரும். யார் வயிற்றுப் பிள்ளை என்று எவனாவது மேலே நோண்டினால், "எல்லாம் என் கணக்குல இருக்கு, நீ ஒஞ் சோலியப் பாரு" என்பார்.

பையன்கள் இரண்டு பேரையும் வெளிநாட்டுக்கு அனுப்பினார். மூத்தவன் சவூதி, இளையவன் மலேசியா. மூத்தவன் கோட்டையூரில் வீடும் கட்டிவிட்டான். கடையில் நின்றது ஜரினாதான். எந்தத் தேக்சாவில் எத்தனை படி அரிசி வேகும், எந்த அண்டா ஓட்டை, எந்தச் சமையல்காரர் கரண்டியைத் தொலைப்பார் என்று எல்லாம் அவளுக்குத் தெரியும்.

அவள் கல்யாணத்தை மறக்க முடியாது. நிக்காஹ் நேரத்தில் பள்ளிவாசல் ஹஜ்ரத் மைக்கில் பெண்ணின் பெயரைச் சொல்லி, இன்னாருடைய மகள் என்று தகப்பன் பெயரையும் சொல்கிறார். சொன்ன பெயர் பாய் பெயர் இல்லை. பெற்றவர் பெயரைத்தான் சொல்ல வேண்டுமாம், வளர்த்தவர் பெயரைச் சொல்லக் கூடாதாம். மார்க்கம் அப்படி என்றார்கள். பெற்ற அந்த ஆளும் தேவகோட்டையிலிருந்து மொடமொட என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒரு மிட்டாய் வாங்கிக் கொடுத்து வளர்த்தவர் இல்லை. பாய் பந்தியில் தேக்சா பக்கம் நின்றுகொண்டிருந்தார். நான் மாடியில் பெண்களோடு, ஜரினாவுக்குப் பக்கத்தில்.

துவா முடிந்ததும் திடீரென்று பாய் குரல் மைக்கில் கேட்டது. "சபையில இருக்கிற அத்தன பேரும் கேட்டுக்கங்க. செக்காலை ரோட்டுக் கடை, இடம், உள்ள இருக்கிற பாத்திரம் எல்லாம் எம் மக ஜரினாவுக்கு. இன்னைக்கே குடுத்துட்டேன். நீங்கதான் சாட்சி. ஜரினா, வாங்கிக்கிட்டியா?"

முகத்தில் துணி போட்டிருந்த பெண், அழுகையும் சிரிப்புமாக, "வாங்கிக்கிட்டேன் அத்தா" என்றது. ஒரு அம்மா மாடிக் கைப்பிடிச் சுவரில் எட்டி, "பொண்ணு வாங்கிக்கிச்சாம்!" என்று கீழே கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெயரை எடுத்துக்கொண்டவனுக்கு இவர் கொடுத்த பதில் இதுதான் என்று பட்டது.

மறுநாள் காலை அவரே வந்து கடையைத் திறந்தார்.

"கடை யாருது பாய்?" என்றேன் கிண்டலாக.

"ஜரினாவோடது."

"அப்ப சாவி ஒங்ககிட்ட என்ன பண்ணுது?"

"வேலைக்காரன் கையிலதான ஆச்சி சாவி இருக்கும்? மொதலாளியா வந்து கடை தொறப்பாக?"

எனக்கு எழுத்துப் புத்தி. எங்கள் ஆட்கள் பெண்ணுக்குக் கொடுக்கிற வெங்கலப் பானையின் மூடியைக்கூட எழுதி வைக்கிறவர்கள். அதனால் சும்மா இருக்க முடியாது. "பாய், ஒரு செட்டில்மென்ட் எழுதிப் பதிஞ்சிருங்க. நான் காசு வாங்காம டைப் அடிச்சுத் தாரேன்" என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். அவர் சிரிப்பார். "ஒங்க ஆளுக பழனி முருகன்கிட்டயே எழுதி வாங்குற ஆளுக. எங்களுக்கு வாக்குப் போதும் ஆச்சி. தானமாக் குடுக்குறதுக்கு ஹிபான்னு பேரு. சொல்லணும், வாங்கணும், முடிஞ்சுச்சு."

அதில் அவர் சொன்னது முழுத் தப்பு இல்லை என்பதுதான் கொடுமை. என் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வருகிற ஒரு வக்கீல், அவரும் முஸ்லிம்தான், விஷயத்தைக் கேட்டுவிட்டு நேராகப் பாயிடமே போய்ச் சொன்னார். "பாய், நீங்க சொல்றது சரி. ஹிபாவுக்குப் பத்திரம் வேணாம். ஆனா வாயி மட்டும் பத்தாது. ஒப்படைக்கணும். சாவியக் குடுத்துட்டு நீங்க ஒதுங்கணும். வளத்த பிள்ளைக்கு நம்ம சட்டத்துல வாரிசுப் பங்கு கிடையாது. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா அதுக்கு ஒண்ணும் நிக்காது. இல்லேன்னா ஒசியத்து எழுதுங்க, மூணுல ஒரு பங்காவது அதுக்கு நிக்கும்."

ஒசியத்து என்றால் உயில். பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "முழுசாக் குடுத்துட்டேன். இப்ப மூணுல ஒண்ணுன்னு எழுதுனா அன்னைக்கு சபையில சொன்னது பொய்யின்னு ஆகும்ல? நான் எம் மகளுக்குப் பொய் சொன்னவனா?" என்றார். ஆனாலும் வக்கீல் சொன்னது உள்ளே தைத்திருக்க வேண்டும். பெல்ட்டிலிருந்து சாவியை எடுத்து, எங்கள் கண் முன்னாலேயே ஜரினா கையில் வைத்தார். "இந்தா, ஒப்படைச்சாச்சு. போதுமா?" என்றார்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. வக்கீலுக்குப் பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டு வேறு வேலையில் இறங்கிவிட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால், சாவி பழையபடி பாய் பெல்ட்டில். ஷட்டரைத் தூக்குகிறார், பிஸ்மி சொல்கிறார். திருந்தாத மனுஷன் என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

இதற்குள் ஜரினாவுக்கும் நல்ல காலம் முடிந்திருந்தது. புருஷன் துபாய் போய், அங்கிருந்தே உறவை முறித்துக்கொண்டான். கைக்குழந்தையோடு வந்துவிட்டாள். சீக்கிரத்திலேயே அவள் அம்மாவும் மௌத்தாகிவிட்டாள். பாய், ஜரினா, பேத்தி என்று மூன்று பேரும் ஒரு வாடகை வீட்டில். சம்சாரம் போனபின் பாய் தளர்ந்துபோனார். பேச்சு நின்று நின்று வரும். சாப்பிட்டோமா இல்லையா என்று மகளைக் கேட்பார். ஆனால் ஷட்டரைத் தூக்கும்போது மட்டும் பழைய மனுஷன்.

அவர் போனது ஒரு கிரகப்பிரவேசத்துக்குச் சாமான் ஏற்றிய மத்தியானம். கடைசி நாற்காலியை வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டு, சுவரில் சாய்ந்தார். ஜரினா கரண்டி எண்ணிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வழியிலேயே முடிந்துவிட்டது.

மூத்த மகன் சவூதியிலிருந்து வரும்வரை அடக்கத்தை நிறுத்தி வைத்தார்கள். குளிப்பாட்டியவர்கள் பெல்ட்டைக் கழற்றி, நியூஸ் பேப்பரில் சுற்றி எடுத்து வந்தார்கள். ஜரினா வாசலில்தான் நின்றாள். அவர்கள் அவளைத் தாண்டிப் போய் மூத்தவனிடம் கொடுத்தார்கள். அவன் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டான். மய்யித்து வீட்டில் இருக்கும்போது யார் என்ன பேச முடியும்?

ஒரு வாரத்தில் மூத்தவன் கடைக்குப் புதுப் பூட்டுப் போட்டான். ஜரினா ஓடி வந்தாள். என் கடை வாசலில்தான் பேச்சு நடந்தது.

"அண்ணே, இது அத்தா எனக்குக் குடுத்தது. ஒங்களுக்கே தெரியும்."

"சொன்னாக. ஊரெல்லாம் சொன்னாக. குடுத்தாகளா ஜரினா? நீயே சொல்லு."

"இத்தன வருசம் இங்கதான கெடந்தேன்."

"இந்தக் கடையோட மொத அண்டா எங்கம்மா கழுத்துச் சங்கிலிய வித்து வாங்குனது. எங்கம்மா இங்குட்டு ஒக்காந்து சாம்பல் போட்டுத் தேக்சா தேச்சத நான் பாத்திருக்கேன். அது ஒனக்குத் தெரியுமா? நான் ஒம் பங்கக் கேக்கல. எங்களுக்கு அல்லா வச்ச பங்கக் கேக்குறேன்."

அவனைத் திட்டத்தான் நான் எழுந்து வந்தேன். ஆனால் அவன் குரல் உடைந்திருந்தது. அம்மா சங்கிலியைப் பற்றிப் பாய் எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

ஜரினா ஜமாஅத்துக்குப் போனாள். கல்யாணத்தில் சாப்பிட்டவர்கள்தான் பாதிப் பேர். எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். ஆமாம், சொன்னார். ஆமாம், பெண் வாங்கிக்கொண்டது. ஒரே ஒரு கேள்விதான் பாக்கி என்று இரண்டு பெரியவர்கள் ஒரு மத்தியானம் என் கடைக்கு வந்தார்கள்.

"ஆச்சி, நீங்கதான் பக்கத்துலயே இருக்கீக. கல்யாணத்துக்கு அப்புறம் கடையத் தெனம் தொறந்தது யாரு?"

பாயைப் பற்றிக் கேட்கிறார்களே என்று எனக்கு வாய் நிறைய வந்தது. நான் யோசிக்கவே இல்லை. "வேற யாரு, பாய்தான். காய்ச்சல்னா ஆட்டோவுல வந்து தொறந்துட்டுப் போவாரு. சாவிய யாரையும் தொடவிட மாட்டாரு" என்றேன். சொல்லச் சொல்லப் பெரியவர் தலை தாழ்ந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவரைப் பற்றி நான் ஆசையாகச் சொல்கிற ஒவ்வொன்றும் அந்தப் பெண்ணின் தலையில் இடியாக இறங்குகிறது. மாற்றிச் சொல்லவும் வழி இல்லை. ரோடு முழுக்கப் பார்த்த உண்மை அது.

"சாவிய ஜரினா கையில குடுத்தாரு, நான் கண்ணால பாத்தேன்" என்று அவசரமாகச் சேர்த்தேன்.

"அப்புறம்?"

"அப்புறம்... மறுநாளு அவருதான் தொறந்தாரு."

"நானும் அந்தப் பந்தியில பிரியாணி தின்னவன்தான் ஆச்சி" என்றார் மூத்தவர். "மனசு கேக்கல. ஆனா ஹிபா நெறவேறல. ஒப்படைக்காத சொத்து மௌத்தானவரோட சொத்துத்தான்." அவர் கண் கலங்கியிருந்தது. கண் கலங்கி என்ன செய்ய?

கோர்ட்டுக்குப் போகலாமா என்று வக்கீலைக் கேட்டேன். அங்கேயும் இதே கேள்விதான் கேட்பார்கள், வருஷக்கணக்கில் நின்று கேட்பார்கள் என்றார். அதற்குள் மகன்கள் இடத்தை விற்க ஆள் பார்த்துவிட்டார்கள். ஜரினா அண்ணன் காலில் விழாத குறை. "விக்காதீக அண்ணே. எனக்கு வாடகைக்காவது விடுங்க. மாசம் தவறாமக் குடுத்துருவேன். எம் பிள்ளைய வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?" என்று கெஞ்சினாள். தன் கடையைத் தனக்கே வாடகைக்குக் கேட்டாள். வாங்குகிறவர் காலி இடமாகத்தான் கேட்கிறார் என்றான் மூத்தவன். மலேசியாவிலிருந்து வந்த இளையவன் அவள் முகத்தைப் பார்க்காமல் நின்றான். ஏதோ உதவி செய்கிறோம் என்றார்கள். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்கிற நிலைமையிலா இருந்தாள்?

எனக்குப் பாய் மேல் ஆத்திரம். செத்தவர் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். நான் படுகிறேன். ஆயிரம் பேர் முன்னால் அள்ளிக் கொடுத்துவிட்டு, ஒரு விரல் நீளச் சாவியை விட மனசு வராத அன்பு என்ன அன்பு?

பாத்திரங்களை வாங்கத் திருப்பத்தூரிலிருந்து லாரி வந்தது. தேக்சாக்களைத் தரதர என்று இழுத்து ஏற்றினார்கள். ஜரினா என் கடைக்குள் வந்து தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அடக்க முடியாமல் அவளிடமே எரிந்து விழுந்தேன்.

"அன்னைக்கு வக்கீல் சொன்னப்ப சாவி ஒங்கையில வந்துச்சுல்ல. அத ஏண்டி அவரத் திரும்ப வாங்க விட்ட?"

"அவுக வாங்கல ஆச்சி. நாந்தான் குடுத்தேன்."

எனக்குப் புரியவில்லை.

"நீங்க உள்ள வேலையா இருந்தீக. சாவிய எங்கிட்டக் குடுத்துட்டு, எங்குட்டுப் போறதுன்னு தெரியாம அவுக வெளிய நின்னாக. கை ரெண்டும் பெல்ட்டையே தடவிக்கிட்டு இருந்துச்சு. எம் பேரச் சொல்லிக் கூப்டாக. என்னத்தான்னு கேட்டா, ஒண்ணுமில்லம்மான்னாக. எனக்குப் பொறுக்கல. 'நீங்களே வச்சிக்கங்க அத்தா, எனக்குக் கடை தொறக்கச் சரிப்படாது'ன்னு நானே பையில போட்டுவிட்டேன்."

"இத ஜமாஅத்துல சொல்லலயா நீ?"

"சொன்னேன். அப்ப நீயாத்தான் திருப்பிக் குடுத்திருக்கேன்னாக."

அவள் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"நான் வாங்கி வச்சிக்கிட்டிருந்தா, மறுநாளு காலைல எந்திரிச்சு அவுக எங்க ஆச்சி போவாக?"

வெளியே லாரிக்காரன் கத்தினான். எந்த மூடி எந்தத் தேக்சாவுக்கு என்று தெரியாமல் எல்லாம் கலந்து கிடந்தன. சொல்லித்தர ஆள் வேண்டும் என்றான். மூத்தவன் இளையவனைப் பார்த்தான், இளையவன் அவனைப் பார்த்தான். ஜரினா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து போனாள். லாரி நிறையும்வரைக்கும் நின்று, ஒவ்வொரு தேக்சாவுக்கும் அதன் மூடியைத் தேடி எடுத்து, வாங்க வந்தவர் கையில் கொடுத்தாள்.